காணாமற்போன நூல்களின் கூடம்

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில், முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க ஒரு உத்தியோகம் இருந்தது. அதைப் பார்த்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் போய்ப்பாரு சார். யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். இந்தப் புத்தகம் இருக்கா சார் என்றால் எழுந்து போய்ப் பாருங்க. அதுல இப்படி எழுதியிருக்காமே சார் என்றாலும் எழுந்து போய்ப் பாருங்க. இதைச் சொல்வதற்கு ஒரு ஆளா என்று நிர்வாகத்துக்குப் பல வருடங்களாக உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலுக்கு மருந்தாக வந்து சேர்ந்ததுதான் வழிகாட்டி. ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு நூலகப் பயிற்சி வழிகாட்டி என்பது அதன் முழுப்பெயர். அதை மூச்சு வாங்காமல் சொல்ல இயக்குநர் ஒருவரால்தான் முடியும். வகுப்பறையில் கரும்பலகை இருந்த இடத்தில் ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். நூலகத்துப் புத்தகங்களையெல்லாம் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அதற்கு ஊட்டினார்கள். கேட்டால் இனிமையான ஒரு பெண்குரலில் பதில் சொல்லும். கேட்காவிட்டாலும் அறை அமைதியாக இருந்தால், "இன்னும் ஏதாவது உதவி வேண்டுமா?" என்று தானாகவே விசாரிக்கும்.

தொடக்க விழாவில் இயக்குநர் ரொம்பவும் நெகிழ்ந்துபோய்ப் பேசினார்.

"இனிமே இந்த நூலகத்துல 'இல்லை'ங்கற வார்த்தையே கிடையாது. மாணவன் கேக்கணும், நாம குடுக்கணும். நடுவுல அலமாரி எதுக்கு, ஏணி எதுக்கு, தூசி எதுக்கு? என்னையே எடுத்துக்குங்க. நான் இங்க இயக்குநரா வந்ததுலேருந்து ஒரு புத்தகத்தைக்கூடத் தேடிப் போனதில்ல. அதனால எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? யாராவது சொல்லுங்க பார்ப்போம்!"

எல்லோரும் கை வலிக்கக் கைதட்டினார்கள்.

போய்ப்பாரு சாரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவருக்கு மனித உடனிருப்பாளர் என்று புதுப்பதவி கொடுத்தார்கள். காலையில் வழிகாட்டியைப் போட்டுவிட வேண்டும். அது பாடம் நடத்தும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். முடிந்ததும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். நிற்கும்போது முகத்தில் சந்தேகக்குறி தெரியக் கூடாது என்று துணை நூலகர் அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்.

கொஞ்ச நாளிலேயே மாணவர்கள் வழிகாட்டி சொன்ன புத்தகங்களைத் தேடி அலமாரிகளுக்கு இடையே அலைய ஆரம்பித்தார்கள். நல்ல நல்ல தலைப்புகள். ஆசிரியர் பெயர், வெளிவந்த ஆண்டு, பக்க எண் எல்லாம் கனகச்சிதம். புத்தகம் மட்டும் இல்லை. ஒரு மாணவி கண்ணில் நீர் முட்ட வந்து நின்றாள். கட்டுரையில் மேற்கோள் காட்டிவிட்டாள், பேராசிரியர் மூலநூலைக் கேட்கிறாராம். போய்ப்பாரு சார் பட்டியலைப் பார்த்தார், மற்ற நூலகங்களுக்குப் போன் போட்டு விசாரித்தார், கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"இப்படி ஒரு புத்தகமே கிடையாதும்மா. அது தானா இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத் துணை நூலகர் அறைக்கு அவர் போக வேண்டியதாயிற்று.

"கிடையாதுன்னு எப்படிச் சொல்லலாம் சார் நீங்க? நூலக விதியில அப்படி ஒரு நிலைமை இருக்கா? புத்தகம்னா அலமாரியில இருக்கும். இல்லைன்னா வெளிய போயிருக்கும். ரெண்டும் இல்லைன்னா காணாம போயிருக்கும். நாலாவதா ஒண்ணு எனக்குத் தெரிஞ்சு கிடையாது."

"பிறக்கவே இல்லாத புத்தகத்தை எந்த நிலைமையிலம்மா சேர்க்கறது?"

"காணாம போனதுல சேருங்க. அதுக்குத்தானே கட்டை வெச்சிருக்கோம்."

கட்டை என்பது அந்த நூலகத்தின் பழைய பழக்கம். ஒரு புத்தகம் காணாமல் போனால், அது திரும்பி வரும்வரை அதன் இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்ளக் கூடாது என்று அதே கனத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி, முதுகில் தலைப்பை ஒட்டி வைப்பார்கள். அதுவரை நூலகம் முழுக்கத் தேடினாலும் ஏதோ சில கட்டைகள்தான் அகப்படும். இப்போது தச்சருக்குக் கை ஓயவில்லை. வழிகாட்டி வாயைத் திறந்தால் ஒரு கட்டை. கட்டைக்கு இடம் வேண்டுமே என்று, யாரும் எடுக்காத நிஜப் புத்தகங்களை மூட்டை கட்டிக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள்.

கீழ்த்தளமும் நிரம்பி, கட்டைகளுக்கு மேற்கொண்டு இடம் இல்லாமல் போனபோது இயக்குநர் முகம் கோணவில்லை. இரண்டாம் மாடியில் பெரிய வாசிப்பு அறை முழுவதையும் கட்டைகளுக்கே ஒதுக்கி, காணாமற்போன நூல்களின் கூடம் என்று பலகை மாட்டச் சொன்னார். மாணவர்கள் அங்கே வந்து, கட்டைகளுக்கு எதிரே உட்கார்ந்து, வழிகாட்டி சொன்னதைக் கைப்பேசியில் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். நூலகத்திலேயே அதிகக் கூட்டம் அந்தக் கூடத்தில்தான். பேச்சு மூச்சே இருக்காது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழும்போது வரிசை வரிசையாக அந்தத் தலைப்புகள் பளபளக்கும். போய்ப்பாரு சாருக்கு அந்த வழியாகப் போகவே உள்ளுக்குள் என்னவோ செய்தது. செத்தவர்கள் இருக்கும் வீட்டில்கூட இப்படி இருக்காது. அங்கே முன்பு யாரோ வாழ்ந்திருப்பார்கள்.

இதைவிடப் பயமுறுத்தியது மனிதர்கள்தான். முதலில் துணை நூலகர் அம்மா ஒரு கட்டையைத் தடவிப் பார்த்து, "இதை நான் படிச்சிருக்கேன். காலேஜ் படிக்கறப்போ. பச்சை அட்டை" என்றார். அடுத்து வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், தான் மாணவனாக இருந்தபோது அந்தக் கட்டையை இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்க மறந்ததாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் நினைவு வராத ஆளே இல்லை என்றாகிவிட்டது. ஒரு கட்டையையாவது படித்திராத பேராசிரியரை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இதெல்லாம் ஊரார் விஷயம் என்று போய்ப்பாரு சார் ஒதுங்கியிருந்திருப்பார். ஒருநாள் வழிகாட்டி அவர் வீட்டு விஷயத்தில் கை வைத்தது.

அவருடைய மனைவி தாவரவியல் ஆசிரியையாக இருந்து இறந்துபோனவர். வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம் எழுதினார்: சுவர்ச் செடிகள். பழைய கட்டடங்களின் விரிசல்களில் யாரும் நடாமலேயே முளைத்துக் கிடக்கும் செடிகளைப் பற்றிய ஒல்லியான புத்தகம். நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. வருடத்துக்கு ஒருவர் எடுத்தால் அதிகம். முன்னுரையில் படம் எடுத்தவருக்கு நன்றி, கல்லூரித் தோட்டக்காரருக்கு நன்றி, ஏணி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி. ஏணியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற கணவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. புத்தகம் வந்த அன்றே அவர் அதைப் பார்த்துவிட்டார். கேட்கவில்லை. இப்போது கேட்கவும் ஆளில்லை.

அன்று வகுப்பில் ஒரு மாணவன் நகரத்துச் செடிகளைப் பற்றிக் கேட்டான். வழிகாட்டி சுவர்ச் செடிகளைச் சொல்லிவிட்டு, அதே ஆசிரியை எழுதிய வேறு ஐந்து நூல்களையும் அடுக்கியது. பக்கத்தில் நின்றிருந்த கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியாகச் சொன்ன நூலின் காணிக்கைப் பக்கத்தை அந்தக் குரல் நிறுத்தி நிதானமாக வாசித்தது.

"நான் எந்தச் சுவரில் ஏறினாலும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவருக்கு. அந்தக் கைகள் ஒருநாளும் நடுங்கியதில்லை."

அன்றைக்கு அவர் வழிகாட்டிக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த மகளிடம் சொன்னார். மகள் அம்மாவின் சாடை, வாயும் அப்படியே.

"இது அம்மா எழுதினதாப்பா? அம்மாவுக்கு இவ்வளவு நீளமா பாராட்ட வராதே. அதோட உங்க கை நல்லா நடுங்குமே. 'ஒழுங்கா பிடிங்க, என்னைக் கொல்லப் பாக்கறீங்களா'ன்னு அம்மா மேலேருந்து கத்துவாங்களே."

"தெரியும்மா. பொய்தான்."

மகள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

சொன்னார். மகள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவருக்குப் புத்தி கெட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாட்டு வேளையில் வகுப்பறை காலியாக இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, "அவ என்னைப் பத்தி வேற ஏதாவது எழுதியிருக்காளா?" என்று கேட்பார். கேட்டதற்கு இல்லை என்று கைவிரிக்க அதற்குக் கற்பிக்கப்படவில்லையே! கேட்கக் கேட்க வந்தது. மழையில் நனைந்துகொண்டே அவருடன் நடந்ததைப் பற்றி ஒரு அத்தியாயம். மனைவிக்கு மழை என்றாலே ஆகாது. அவருடைய பொறுமையைப் பற்றி ஒரு பக்கம். மனைவி அதை மந்தம் என்றுதான் சொல்லியிருக்கிறார். எல்லாம் பொய் என்று தெரிந்துகொண்டே, டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்டார்.

ஒருநாள் காலையில் வாசல் கதவைப் பூட்டும்போது, "குழாயை மூடினீங்களா?" என்று மனைவி கேட்பது வழக்கம்போல மனதுக்குள் கேட்டது. ஆனால் குரல் வழிகாட்டியின் குரல். அவர் பூட்டில் சாவியை விட்டபடி, மனைவியின் சொந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கரகரப்பாக இருக்கும், முடிவில் ஏறும் என்று தெரிகிறது, கேட்கத்தான் முடியவில்லை. இருந்த ஒருத்தியைக் கொடுத்து, இல்லாத ஒருத்தியை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த நேரத்தில்தான் தரமதிப்பீட்டுக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. கூடத்தைப் பார்த்துவிட்டு யாராவது, இந்தப் புத்தகங்கள் எப்போதாவது இருந்தனவா என்று வம்பாகக் கேட்டுவைத்தால்? இயக்குநர் தூக்கத்தைத் தொலைத்து யோசித்துச் சாட்சி ஒன்றைக் கண்டுபிடித்தார். போய்ப்பாரு சாரை அறைக்கு அழைத்து, தம் கையாலேயே நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க. உங்க வீட்டம்மா இவ்வளவு பெரிய எழுத்தாளர்னு சொல்லவே இல்லையே நீங்க!"

"அவ எழுதினது ஒரே புத்தகம்தான் சார்."

"அது நம்மகிட்ட இருக்கறது. நான் சொல்றது நம்மகிட்ட இல்லாதது. பாருங்க, எழுதினவங்க உயிரோட இல்ல. அடுத்த நல்ல சாட்சி யாரு? அவங்களைக் கட்டினவர். குழு முன்னால, 'ஆமா, பார்த்திருக்கேன்'னு ஒரு வார்த்தை. கூடத்துக்கே உங்க வீட்டம்மா பேரை வெச்சுடறேன்."

"பார்க்கலையே சார்."

"பார்க்கலைன்னா என்ன? உங்களுக்குக் காணிக்கையாக்கின புத்தகம் இல்லையா அது? அது பொய்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?"

மனசு வராமல்தான் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

குழு வந்த அன்று வகுப்பறை நிரம்பி வழிந்தது. குழுத் தலைவர் வயதானவர், எதற்கும் தலையை ஆட்டுகிறவர். துணை நூலகர் அம்மா சைகை காட்ட, வழிகாட்டி காணிக்கைப் பக்கத்தை வாசித்தது. முன்வரிசையில் மாணவி ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இயக்குநரே கைக்குட்டையை எடுத்துவிட்டார். "அந்தக் கணவர் இதோ நம்ம நடுவுலயே இருக்கார்" என்று அவரை முன்னால் தள்ளினார்கள்.

போய்ப்பாரு சார் திரையைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் போதும். மனைவியின் பெயர் வாசலில் ஏறும், அவருடைய பெயர் மனைவியின் எழுத்தில் ஏறும். ஒருவருக்கும் நஷ்டமில்லை. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ, கரகரவென்று, முடிவில் ஏறும் அந்தக் குரல் காதில் விழுந்தது. ஒழுங்கா பிடிங்க.

"என் கை நடுங்கும்" என்றார் அவர். "ஏணி ஆடும். அவ என்னைத் திட்டிக்கிட்டே இருப்பா. அவ எழுதினது சுவர்ச் செடிகள் ஒண்ணுதான். அதுல என் பேர் எங்கயும் கிடையாது. மத்த அஞ்சு புத்தகமும் கிடையாது. எனக்கு அவ எதையும் காணிக்கையாக்கல."

இயக்குநரின் முகம் வெளுத்துப் போனது. பேசியது வழிகாட்டிதான்.

"நீங்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. தவறுக்கு வருந்துகிறேன். உங்கள் மனைவி உங்களுக்கு எந்த நூலையும் காணிக்கையாக்கவில்லை. அவருக்கு உங்கள்மீது அன்பு இருந்ததற்கும் சான்று எதுவும் இல்லை. இன்னும் ஏதாவது உதவி வேண்டுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே!" என்று அவர் திரையைப் பார்த்துக் கத்தினார். "அன்பு இல்லைன்னு நான் எப்போ சொன்னேன்?"

அவர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"அபாரம்! தன் தப்பைத் தானே ஒத்துக்குது பாருங்க. எத்தனை பணிவு! எந்த மனுஷன் இப்படி நாலு பேர் முன்னால ஒத்துக்குவான்?"

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தவறை ஒத்துக்கொள்ளும் இந்தத் திறமையைக் காட்டத்தான் இந்தச் செய்முறையையே ஏற்பாடு செய்ததாக அவர் பணிவுடன் விளக்கினார். குழு உச்சபட்சத் தரத்தை வழங்கிவிட்டுச் சாப்பிடப் போனது.

பின்னாலேயே ஓடிய போய்ப்பாரு சாரை இயக்குநர் வராந்தாவில் தோளில் தட்டி நிறுத்தினார். கோபமே இல்லை, பரிவுதான்.

"மனசைத் தேத்திக்குங்க. இப்படி ஒரு கல்யாண வாழ்க்கையை இவ்வளவு நாள் வெளிய காட்டிக்காம இருந்திருக்கீங்களே."

"சார், அவளுக்கு என்மேல பிரியம் உண்டு சார். அது சொன்னது தப்பு. அதைத் திருத்தச் சொல்லுங்க."

"கண்டிப்பா. ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க."

"ஆதாரம்னா?"

"எழுத்துல ஏதாவது. அந்தக் காணிக்கைப் பக்கம் ஒண்ணு இருந்தது. அதைத்தான் நீங்களே பொய்னு சொல்லிட்டீங்க" என்றார் இயக்குநர். ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார். "அதோட, அந்தம்மா பேர்ல இருந்த ஆறு புத்தகத்தையும் வழிகாட்டி பட்டியல்லேருந்து எடுத்துடுச்சு. இனிமே குழப்பமே வராது."

"ஆறா? சார், அதுல ஒண்ணு நிஜம்!"

"அது எப்படி? பேரே சந்தேகத்துல இருக்கறப்போ, அதுல ஒண்ணை மட்டும் நம்பினா நல்லாவா இருக்கும்?"

போய்ப்பாரு சார் அதற்கு மேல் நிற்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்கச் சொல்லியே காலம் தள்ளியவர், அவரே போனார். தாவரவியல் அலமாரியில், கட்டைகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, சுவர்ச் செடிகள் இருந்தது. எடுத்துப் பிரித்தார். படம் எடுத்தவர், தோட்டக்காரர், ஏணிக்காரர் எல்லோரும் இருந்தார்கள். அவர் இல்லை. பரவாயில்லை. இது அவள் எழுதியது, இவ்வளவுதான் எழுதினாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

வெளிவாசலில் இரண்டு தூண்கள் உண்டு. பதிவு செய்யாமல் நூலகத்துப் புத்தகம் எதையாவது எடுத்துக்கொண்டு அவற்றின் நடுவே போனால், சிவப்பு விளக்கு எரிந்து கட்டடமே அதிரும்படி கூவும். பட்டியலில் உள்ள புத்தகமாக இருந்தால் ஒளித்து வைத்தாலும் விடாது. கூவினால் இது நூலகத்துப் புத்தகம் என்று ஆகிவிடும். அது போதும் அவருக்கு. ஒளிக்காமல், திறந்த கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஒன்றும் கூவவில்லை.

திரும்பி உள்ளே போய், இன்னொரு முறை வந்தார். மெதுவாக வந்தார். புத்தகத்தைத் தூணோடு தேய்த்துப் பார்த்தார். தூணின் வழுவழுப்பான பக்கவாட்டில் வெயில் விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். காவலர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். புத்தகத்தையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"என்ன சார், போறதும் வர்றதுமா இருக்கீங்க?"

"இதை எடுத்துட்டுப் போறேன் பாருங்க. பதிவு பண்ணல. பிடிங்க என்னை."

"அது கத்தலையே சார்" என்றார் காவலர் பொறுமையாக. "கையில ஒண்ணும் இல்லைன்னா அது கத்தாது. நீங்க போங்க."

அவர் போகவில்லை. திருடன் என்று யாராவது ஒரு தடவை சொல்ல மாட்டார்களா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது. மறுபடியும் அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்தார்.